தப்பான டிராமில் கடற்கரை வரை

பொறியியல் மாணவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது என் தொழில். நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரி. ‘கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்’ என்று அட்டவணையில் போட்டிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் எப்போதும் என்னுடையதுதான். கண்ணைத் திறந்து வைத்தபடியே தூங்கும் கலையை எங்கள் மாணவர்கள் கற்றுத் தேர்ந்தது என் வகுப்பில். அதையும் ஒரு திறமை என்று கணக்கில் சேர்த்தால், நான் வெற்றிகரமான ஆசிரியன்.

அந்தப் பெருமையோடு சிட்னி விமான நிலையத்தில் இறங்கினேன். விமானம் என்னைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது, என் தூக்கத்தை மட்டும் வழியில் எங்கோ இறக்கிவிட்டிருந்தது. அக்கா கொடுத்தனுப்பிய ரசப்பொடியைப் பற்றிச் சுங்கத்தில் நேர்மையாகச் சொன்னேன். அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். தும்மினார். மறுபடி முகர்ந்தார்.

“இதை வைத்து என்ன செய்வீர்கள்?”

“சூப் மாதிரி ஒன்று.”

“உடம்பு சரியில்லாதபோதா?”

“சரியாக இருக்கும்போதும்.”

அனுதாபத்தோடு என்னை நாட்டுக்குள் அனுமதித்தார்.

வெளியே காபிக் கடை. காபி போடும் பெண், “இன்றைய பொழுது எப்படிப் போகிறது?” என்று கேட்டாள். இவ்வளவு அக்கறையாக என்னை யாராவது விசாரித்து வெகுகாலம் ஆயிற்று. எனவே சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரர் என் தோளில் தூங்கியது, காலையில் தந்த முட்டையின் நிலவரம், முழங்கால் மடங்க மறுப்பது எல்லாவற்றையும் வரிசைக்கிரமமாகச் சொன்னேன். அவள் புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். என் பின்னால் நின்ற வரிசையும் கேட்டது, ஆனால் புன்னகை இல்லாமல்.

“கோப்பிக் கடையில என்னடா பிரசங்கம் வைக்கிறாய்?” என்று முதுகில் ஒரு தட்டு விழுந்தது. தவராசா. யாழ்ப்பாணத்துக்காரன். திருச்சியில் ஒரே லாட்ஜில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தோம். அவன் பொறியியல் படித்தான், நான் ஆங்கில இலக்கியம். பரீட்சைக் காலத்தில் அவன் விடிய விடியப் படிப்பான், நான் விடிய விடிய அவன் படிப்பதைப் பார்ப்பேன்.

“அவளாத்தான்டா கேட்டா.”

“கேப்பாள்தான். ‘நல்லம், உனக்கு எப்பிடி?’ எண்டு கேட்டுப்போட்டு வாறதுதான் முறை. அவள் உன்ர சாதகத்தையே கேட்டவள்?”

பென்டில் ஹில்லில் அவன் வீடு. தெரு முழுக்க ஊதாப்பூ மரங்கள். பூக்கள் உதிர்ந்து கார்களும் நடைபாதையும் ஊதாவாகக் கிடந்தன. எனக்கு உடம்பு சிட்னியிலும் கடிகாரம் நாமக்கல்லிலும் இருந்ததால் அந்தத் தெருவே கனவில் வந்தது போலிருந்தது. நடக்கும்போது சத்தமே இல்லை. மூலைக் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சி ரோல்ஸை ஊதிக் கடித்தபோதுதான் நாக்கு சுட்டு, விழித்துத்தான் இருக்கிறேன் என்று தெரிந்தது.

“இப்ப சொல்லு, உன்ர மருமகளுக்கு என்ன பிரச்சினை?” என்றான் தவராசா.

சங்கரி என் அக்கா மகள். மெல்பர்னில் சிவில் எஞ்சினீயரிங் மேற்படிப்பு. வரும் கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலைப்பயிற்சி செய்தால்தான் படிப்பு முடிந்ததாகக் கணக்கு. இரண்டு நிறுவனங்கள் அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டுப் பேசி, சிரித்து, நன்றி சொல்லி அனுப்பிவிட்டன. மூன்றாவது நேர்காணல் வரும் வியாழக்கிழமை. இதுவும் போனால் அடுத்த கோடைக்குக் காத்திருக்க வேண்டும். அவளுடைய விசாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அக்கா போனில் என்னை அழைத்துச் சொன்னது இதுதான்: “புள்ளைக்கு இங்கிலீசு வாயில வரமாட்டேங்குதுடா. ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் பேசச் சொல்லித் தர்றே. நம்ம புள்ளைக்கு ஒருக்கா போய்ச் சொல்லிக் குடேன்.”

எனவே என் பையில் ரசப்பொடிக்கு அடுத்தபடியாக உச்சரிப்புப் பயிற்சித் தாள்கள், நாக்கைச் சுளுக்கவைக்கும் வாக்கியங்கள், ‘மாண்புமிகு தேர்வாளர்களே’ என்று தொடங்கும் மாதிரி உரைகள்.

தவராசா தாள்களைப் புரட்டினான். மடித்து என் பையிலேயே திரும்ப வைத்தான். “நாளைக்கு என்னோட வேலைக்கு வா,” என்றான்.

அவன் வேலை செய்வது செவன் ஹில்ஸில், லிஃப்டுக்கான பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில். விருந்தாளிக்கும் பூட்ஸ் உண்டு, மின்னும் மஞ்சள் மேலங்கியும் உண்டு. பூட்ஸ் என் அளவைவிடப் பெரிது. நான் நின்ற பிறகும் அது கொஞ்ச தூரம் போனது.

காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். இங்கே இது தினசரி வழக்கமாம். மேற்பார்வையாளர், தாடி வைத்த பெரிய உருவம், அன்றைய வேலையைச் சொன்னார். ஒரு பெரிய இரும்புச் சட்டத்தை இந்த வழியாக நகர்த்த வேண்டும் என்று கையைக் காட்டினார். அப்போது ஒரு பெண், புதிதாகச் சேர்ந்தவள், என் மாணவிகளின் வயது, கையைத் தூக்கினாள்.

“அந்த வழி வேண்டாம். தரை இன்னும் ஈரமாக இருக்கிறது. வண்டி வழுக்கும்.”

எங்கள் கல்லூரியில் இப்படி ஒரு வாக்கியம் பேசியவர்கள் மறுநாள் அப்பாவோடுதான் வகுப்புக்கு வர முடியும். தாடிக்காரர் தரையைப் பார்த்தார். “நல்லது. வழியை மாற்றுவோம்,” என்றார். வட்டம் கலைந்தது. யாரும் யாருடைய அப்பாவையும் கூப்பிடவில்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது தவராசாவிடம் கேட்டேன். “கோபம் வராதாடா அந்த ஆளுக்கு?”

“ஏன் வரும்? இஞ்ச கதைக்கிற ஆளுக்கு ஒருத்தரும் பயப்பிடமாட்டினம் மச்சான். கதைக்காத ஆளுக்குத்தான் பயம். பிழை தெரிஞ்சும் சொல்லேல்லையோ, பிழையே தெரியேல்லையோ எண்டு அவைக்கு விளங்காது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கு இது விளங்க ரெண்டு வருசம் பிடிச்சது. அதுவரைக்கும் காருக்குள்ள தனிய இருந்து சாப்பிட்டனான்,” என்றான்.

தலையாட்டினேன். கூட்டத்தில் தலையாட்டுவது போலத்தான். உள்ளே ஒன்றும் இறங்கவில்லை.

மெல்பர்ன் விமான நிலையத்தில் என்னை அழைத்துப் போகச் சங்கரி வந்திருந்தாள். வெயிலடித்தது. கையில் குடை வைத்திருந்தாள். “எதுக்கும்மா?” என்றேன். வாசலைத் தாண்டுவதற்குள் மழை வந்தது. அதன் பிறகு காற்று, அதன் பிறகு மறுபடி வெயில். என் வகுப்பில்கூட ஒரே பீரியடில் இத்தனை மனநிலைகளைப் பார்த்ததில்லை.

பிரன்ஸ்விக்கில் வசந்தி அன்ரி வீட்டில் அவளுக்கு ஓர் அறை. அன்ரி தவராசாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. என்னைப் பார்த்ததும் ஒரே ஒரு சட்டம் போட்டார். “தம்பி, குசினிக் கதவைச் சாத்திப்போட்டுத் தாளியுங்கோ. இல்லாட்டி அலாரம் கத்தும். போனமுறை தீயணைப்புக்காரர் வந்து தோசை சாப்பிட்டிட்டுப் போனவை.”

அன்று மாலையே சங்கரியை எதிரே உட்காரவைத்து நேர்காணல் ஒத்திகை நடத்தினேன். கேள்விகளைக் கேட்டேன். பதில் சொன்னாள். மழைநீர் வடிகால் பற்றித் தெளிவாக, நிதானமாக, என்னைவிட நல்ல ஆங்கிலத்தில். உச்சரிப்புத் தாள்களைப் பைக்குள்ளேயே இன்னும் ஆழமாகத் தள்ளி வைத்தேன்.

“அப்புறம் ஏன்மா வேண்டாம்னாங்க?”

“தெரியல மாமா. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன்.”

ஞாயிற்றுக்கிழமை அன்ரி எங்களைக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கூட்டிப் போனார். சிவனும் விஷ்ணுவும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். சங்கரி இருவரிடமும் வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. சாமியிடம் இவ்வளவு நேரம் பேசுகிறவள் மனிதரிடம் ஏன் பேசவில்லை என்று யோசித்தபடி தோசைக்கு வரிசையில் நின்றேன். தோசை வந்ததும் யோசனை போய்விட்டது.

திங்கட்கிழமை நகரம் பார்க்கப் போனோம். நடந்து நடந்து கால் ஓய்ந்தபோது, “வா, வீட்டுக்குப் போலாம்,” என்று டிராம் நிறுத்தத்துக்கு நான் முன்னே நடந்தேன். தெருவின் நடுவே இரண்டு மேடைகள். ஒன்றில் ஏறி நின்றேன். எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டால், அது பக்கத்தில் இருந்தது. டிராம் வந்தது. ஏறினோம். சன்னலோரம் இடமும் கிடைத்தது.

டிராம் தண்ணீரில் போவது போலப் போனது. மாலை வெயில் கண்ணாடிக் கட்டடங்களில் பட்டு உள்ளே வந்து எல்லோர் மடியிலும் உட்கார்ந்திருந்தது. ஆற்றைக் கடந்தோம். பிறகு பழைய ரயில் பாதை மாதிரி ஒன்று, இரு பக்கமும் மரங்கள், வீடுகளின் பின்முற்றங்கள், கொடியில் காயும் துணிகள், ஒரு நாய் எங்களைப் பார்த்துக் குரைக்க நினைத்துக் கைவிட்டது. நான் பாதி தூங்கினேன். காலையில் வந்தபோது ஆறு எதையும் கடக்கவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததோடு சரி.

“கடைசி நிறுத்தம்,” என்றார் ஓட்டுநர். இறங்கினோம். எதிரே கடல்.

பனைமரங்கள், நீளமான மணல், இறங்க அவசரப்படாத சூரியன். பக்கத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா. அதன் வாசலே வாயைப் பிளந்து சிரிக்கும் ஒரு ராட்சத முகம். பற்களுக்கு அடியில் நுழைந்து மக்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தே பிழைக்கும் இன்னொருவரைக் கண்டதில் எனக்கு ஒரு தொழில்முறைப் பாசம் வந்தது.

“சங்கரி, இது பிரன்ஸ்விக் இல்லையே?”

“இல்ல மாமா.”

“தப்பான டிராம்ல ஏறிட்டோமா?”

“டிராம் சரிதான். எதிர்ப்பக்கம் ஏறியிருக்கணும்.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

தயங்கினாள். “ஏறும்போதே.”

“ஏன்மா சொல்லல?”

“நீங்க அவ்ளோ நம்பிக்கையா ஏறினீங்க மாமா.”

மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். கடற்காகங்கள் எங்களைச் சுற்றி வட்டமாக வந்து நின்றன. அந்த வட்டத்தைப் பார்த்ததும் செவன் ஹில்ஸ் ஞாபகம் வந்தது. அன்றைக்கு உள்ளே இறங்காமல் தொண்டையிலேயே நின்றிருந்த தவராசாவின் வார்த்தைகள் இப்போது இறங்கின.

“ரெண்டு இண்டர்வியூலயும் என்னென்ன கேட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு.”

வரிசையாகச் சொன்னாள். மென்பொருள், வடிகால், குழுவேலை. கடைசியில், “மேலதிகாரி சொன்னதை நீங்க ஒத்துக்காத ஒரு சந்தர்ப்பம் சொல்லுங்கன்னாங்க. ரெண்டு இடத்துலயும் கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

முதுகை நிமிர்த்தினாள். “‘அப்படி ஒரு தடவைகூட நடந்ததே இல்லை’ன்னு சொன்னேன் மாமா.”

தங்கப் பதக்கத்தைக் காட்டுகிற பெருமை முகத்தில். கேட்ட மாத்திரத்தில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் பொறியியல் படித்த பிள்ளைக்கு இதைவிட உயர்ந்த சான்றிதழ் கிடையாது. ‘டவுட் இருக்கா?’ என்றால் ‘இல்ல சார்’. இருந்தாலும் இல்ல சார். பிறகு மெதுவாக எங்கள் இருவருக்குமே புரிந்தது, எதிரே இருந்தவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று. தவறான பக்கம் போகும் டிராமில் கடைசி வரை பேசாமல் உட்கார்ந்து வருகிற எஞ்சினீயர்.

“பாலம் கட்டுற எடத்துல இப்படி இருந்தா...” என்று தொடங்கி அவளே நிறுத்திக்கொண்டாள். ஒரு கடற்காகம் அவள் கையிலிருந்த மீனை எடுத்துக்கொண்டு போனது. அதையும் அவள் ஆட்சேபிக்கவில்லை.

வியாழனுக்கு முன் அவளை ஒரு தடவையாவது ‘இல்லை’ என்று சொல்லவைப்பது என்று தீர்மானித்தேன். அவளிடம் சொல்லாமல் செவ்வாய்க்கிழமை முழுவதும் தவறாகவே வாழ்ந்தேன். இதற்கு நான் தனியாக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் தலைநகரம் மெல்பர்ன் என்றேன். “ம்ம்,” என்றாள். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு எப்படி இருக்கிறது என்றேன். “நல்லாருக்கு மாமா.” காபியில் உப்பைப் போட்டு நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “வித்தியாசமா இருக்கு,” என்றாள்.

“பிள்ளைக்கு என்னத்துக்கு உப்புக் கோப்பி குடுக்கிறியள்?” என்று அன்ரிதான் என்னைக் கண்டித்தார். அவருக்கு வேலைப்பயிற்சி உடனே கிடைத்திருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் தோற்றுப்போன மனநிலையில் ரசம் வைத்தேன். இது சோதனை அல்ல, பசி. குசினிக் கதவைச் சாத்தினேன். புளித்தண்ணீர் கொதித்து, அக்காவின் பொடியும் பருப்புத் தண்ணீரும் சேர்ந்து, வாசனை எழுந்தது. சங்கரி மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து நாளைக்கான பதில்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். விளிம்பெல்லாம் நுரை கட்டியது. இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்று தீயைக் கூட்டினேன்.

“ஐயோ! அணைங்க மாமா!”

திரும்பினேன்.

“அணைங்கன்னா அணைங்க! நுரை கட்டினா எறக்கிடணும். கொதிச்சா அவ்ளோதான், கசந்துரும். தள்ளுங்க.” என்னைத் தோளால் இடித்து ஒதுக்கிப் பாத்திரத்தை இறக்கினாள். “இத்தன வயசாச்சு, ரசத்தப் போயி கொதிக்க விடறீங்க!”

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவளுக்கு என்னவென்று புரியவில்லை. புரிந்தபோது வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சாரி மாமா.”

“சாரி சொன்னியோ, மறுபடி அடுப்புல வெச்சிருவேன்.”

“ரசம்னா எனக்கு நிச்சயமாத் தெரியும் மாமா. அதான்.”

“வடிகால் நிச்சயமாத் தெரியாதா?”

கரண்டியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றாள். பிறகு இருவருக்கும் ரசத்தை ஊற்றினாள். ரசம் நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை மதியத்துக்கு மேல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சவுத் மெல்பர்னில் நேர்காணல். அவள் உள்ளே போனாள். நான் எதிரே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தேன். “இன்றைய பொழுது எப்படிப் போகிறது?” என்று கேட்டார் கடைக்காரர். நான் இப்போது தேர்ந்தவன். “நன்றாகப் போகிறது. உங்களுக்கு?” என்றேன். அவர் பெருமூச்சுவிட்டு, தன் பூனைக்கு உடம்பு சரியில்லாததை, மருத்துவர் சொன்னதை, மனைவி அழுததை எல்லாம் சொன்னார். என் பின்னால் வரிசை வளர்ந்தது. தவராசாவின் இலக்கணத்தில் இதற்கு விதி இல்லை. பூனையின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

காபி ஆறியது. இன்னொன்று வாங்கினேன், அதுவும் ஆறியது. ஒருவழியாகச் சங்கரி தெருவைக் கடந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“அந்தக் கேள்வி கேட்டாங்க மாமா. வழக்கம்போல ‘அப்படி ஒரு தடவை’ன்னு வாயெடுத்துட்டேன். நிறுத்திட்டேன். நிறுத்திட்டு, போன திங்கக்கிழமை எங்க மாமாவோட தப்பான பக்கம் டிராம்ல கடற்கரை வரைக்கும் போனேன், ஏறும்போதே தெரிஞ்சும் சொல்லல, அதுதான் கடைசின்னு சொன்னேன்.”

“என்னைய மாட்டிவிட்டியா?”

“சிரிச்சாங்க. அப்புறம் ஒரு டிராயிங்கை எடுத்து முன்னால போட்டாங்க. பார்க் பண்ற எடத்துக்கு வடிகால். பாத்தா சரிவு தப்பா இருக்கு மாமா. தண்ணி தேங்கும். சொன்னேன். அந்தம்மா, தலையெல்லாம் நரைச்சிருக்கு, சைட் பூட்ஸோட உக்காந்திருக்காங்க, ‘இல்லை, சரிதான்’ங்கறாங்க. எனக்கு அப்படியே ரசம் பொங்கற மாதிரி வந்துருச்சு. ‘இல்ல, பாருங்க’ன்னு அவங்க கைல இருந்த பென்சிலையே வாங்கிட்டேன்.”

“யாரு சொன்னது சரி?”

“பாதி நான். பாதி அவங்க. கீழே ஒரு குழாய் இருந்திருக்கு, நான் பாக்கல.” மூச்சு வாங்கினாள். “கெடைக்குமான்னு தெரியல மாமா. பென்சிலைத் திருப்பிக் குடுக்காம வந்துட்டேன்.”

பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். சாதாரண மஞ்சள் பென்சில்தான்.

டிராம் நிறுத்தத்துக்கு நடந்தோம். தண்டவாளத்தின் இரு பக்கமும் மேடைகள். நான்கு நாள் அனுபவத்தில் நான் பாடம் படித்திருந்தேன். பெயர்ப்பலகையைப் படித்து, அம்புக்குறியைப் பார்த்து, நகரம் எந்தப் பக்கம் என்று உறுதிசெய்துகொண்டு ஒரு மேடையில் ஏறினேன்.

“அந்தப் பக்கம் இல்ல மாமா. இந்தப் பக்கம்.”

“இல்லம்மா, பலகைல...”

“நான் இங்க ரெண்டு வருசமா இருக்கேன். வாங்க.”

என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்படி ஓர் அதிகாரக் குரல். டிராம் வந்தது. கதவு திறந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி சன்னலோரம். மறுபடி அந்தப் பழைய பாதை, மரங்கள், பின்முற்றங்கள். துணிகள் காய்ந்து எடுக்கப்பட்டிருந்தன. நாய் அதே இடத்தில் படுத்திருந்தது. எங்களைத் தெரிந்தவர்கள் என்று நினைத்தோ என்னவோ தலையைக்கூடத் தூக்கவில்லை. சங்கரி நேர்காணலை முதலிலிருந்து மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள், பென்சிலால் காற்றில் சரிவு வரைந்து காட்டியபடி. வெளியே என்ன போகிறது என்று அவள் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன் அடித்தது. எடுத்தாள். “ஆம்,” என்றாள். “ஆம்.” பிறகு, “இல்லை, அன்றைக்கு எனக்கு வகுப்பு இருக்கிறது, அதற்கு அடுத்த திங்கட்கிழமை வரலாமா?” நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் யாரோ சிரிப்பது எனக்கே கேட்டது. போனை மடியில் வைத்தாள்.

“வரச் சொல்லிட்டாங்க மாமா. காலைல ஏழு மணிக்கு சைட்ல நிக்கணுமாம். பூட்ஸ் நானே வாங்கிக்கணும்.” நிறுத்தினாள். “பென்சிலையும் கொண்டுவரச் சொன்னாங்க.”

டிராம் போய்க்கொண்டே இருந்தது. அக்காவை அழைக்க அவள் மறுபடி போனை எடுத்தபோதுதான் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். பனைமரங்கள். வாயைப் பிளந்த ராட்சத முகம்.

“மாமா. இது...”

“ஆமா.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“ஏறும்போதே.”

“ஏன் சொல்லல?”

“நீ அவ்ளோ நம்பிக்கையா ஏறினே.”

“தெரிஞ்சா சொல்லணும் மாமா!” டிராமே திரும்பிப் பார்த்தது. “வாயைத் திறந்து சொல்லணும். இது என்ன பழக்கம்?”

தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை வருஷத்தில் என் வகுப்பில் யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. “கடைசி நிறுத்தம்,” என்றார் ஓட்டுநர். இறங்கி, மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு மணலில் அதே இடத்தில் உட்கார்ந்தோம். கடற்காகங்கள் அடையாளம் கண்டுகொண்டு வட்டமாக வந்து நின்றன. அதில் ஒன்று அவள் கையை நோக்கி ஒரு அடி முன்னால் வந்தது.

“இல்லை,” என்றாள் சங்கரி, பென்சிலை நீட்டி.

அது யோசித்தது. பிறகு என் பக்கம் வந்தது.